போஸ்கோ/குரீன்: சாய்கோட்டின் இரு பக்கமும் ஒரே ஊர்

சுவிட்சர்லாந்தின் தெற்கே, இத்தாலியன் பேசும் டிச்சினோ மாநிலத்தில், ஒரு மலைக்கிராமத்தின் அரசாங்கப் பெயர் இப்படி எழுதப்படுகிறது: போஸ்கோ/குரீன். நடுவில் இருக்கும் சாய்கோடு அச்சுப்பிழை இல்லை. இடப்பக்கம் இருப்பது இத்தாலியன் பெயர். போஸ்கோ என்றால் காடு. வலப்பக்கம் இருப்பது ஊர்க்காரர்கள் தங்கள் பேச்சில் ஊரைச் சொல்லும் பெயர். அந்தப் பேச்சு ஜெர்மன் மொழியின் மிகப் பழமையான வட்டார வழக்குகளில் ஒன்று. டிச்சினோ முழுவதிலும் ஜெர்மன் பூர்வீகமாக வேரூன்றிய ஊர் இது ஒன்றுதான்.

லொகார்னோ நகரத்திலிருந்து மாஜா ஆற்றை ஒட்டியே பேருந்து மேலேறுகிறது. செவியோ என்ற ஊரில் இறங்கி வேறு பேருந்து பிடிக்க வேண்டும். அப்புறம் கொண்டை ஊசி வளைவுகள். லினேஷோ, செரெந்தினோ என்று சின்னச் சின்ன ஊர்கள். வழியெல்லாம் கல்வீடுகள், இத்தாலியன் பெயர்ப்பலகைகள். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் பள்ளத்தாக்கு கொஞ்சம் அகன்று கொடுக்கும் இடத்தில், கல் அடித்தளத்தின் மேல் மரத்தால் கட்டிய வீடுகள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. டிச்சினோவில் மக்கள் ஆண்டு முழுக்கக் குடியிருக்கும் ஊர்களில் இதுதான் மிக உயரமானது. இன்று அங்கே குடியிருப்பவர்கள் சுமார் 50 பேர். நம் பக்கம் ஒரு சின்னத் தெருவிலேயே இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

அவ்வளவு சின்ன ஊர் என்பதால்தான் அதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. மொழி எல்லை என்றால் வரைபடத்தில் போட்ட கோடு என்றே நினைத்துப் பழகிவிட்டோம். குரீனில் அந்தக் கோடு வீட்டு அடுப்படிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நடுவே ஓடுகிறது. இன்னொரு விஷயமும் உண்டு. சுவிட்சர்லாந்தில் பெரிய மொழி ஜெர்மன்தான்; நூற்றுக்கு 62 பேர் அதைப் பேசுகிறார்கள். இத்தாலியன் பேசுபவர்கள் நூற்றுக்கு 8 பேர். ஆனால் குரீனில் தேய்ந்துகொண்டிருப்பது அந்த 62 பேரின் பக்கம் இருக்கும் மொழி. நாட்டில் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்பதை வைத்து ஒரு மொழியின் கதியைச் சொல்லிவிட முடியாது. அன்றாடக் காரியத்துக்கு யார் யாரிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இந்த ஊரின் எழுநூறு ஆண்டுக் கதை அதைத்தான் சொல்கிறது.

மாடியில் ஒரு மொழி, கீழ்வீட்டில் ஒரு மொழி

குரீன்காரர்களின் முன்னோர் வால்சர்கள். 'வாலிஸ்காரர்கள்' என்பதுதான் சுருங்கி வால்சர் ஆனது. ரோன் ஆறு பிறக்கும் மேல் வாலிஸ் பகுதியில் ஜெர்மன் பேசிய மலைக்குடிகள் அவர்கள். 1200-களிலும் 1300-களிலும் அங்கிருந்து கூட்டம் கூட்டமாகக் கிளம்பி, ஆல்ப்ஸின் மேட்டுப் பகுதிகளில் ஏறத்தாழ 150 இடங்களில் குடியேறினார்கள். இன்றைய இத்தாலியின் மோந்தே ரோசா மலையடிவாரம், சுவிட்சர்லாந்தின் கிராவ்புண்டன் மாநிலம், லீக்டன்ஸ்டைன், ஆஸ்திரியாவின் ஃபோரார்ல்பெர்க் வரை அவர்கள் பரவியிருக்கிறார்கள்.

எதற்காகக் கிளம்பினார்கள்? ஊரில் நிலம் போதவில்லை என்பது ஒரு பாதி. மறுபாதி, நிலப்பிரபுக்களும் மடங்களும் அவர்களைக் கூப்பிட்டார்கள். பள்ளத்தாக்குகளின் அடிப்பகுதியில் ஏற்கெனவே லத்தீன் வழிவந்த மொழிகளைப் பேசியவர்கள் விவசாயம் செய்துகொண்டிருந்தார்கள். மேலே, எட்டு மாதம் பனி கிடக்கும் சரிவுகள் சும்மா கிடந்தன. அங்கே காட்டை வெட்டி, புல் வளர்த்து, மாடு வைத்துப் பிழைக்கத் தெரிந்தவர்கள் வால்சர்கள். அந்த உழைப்புக்கு ஈடாக அவர்களுக்குப் பரம்பரைக் குத்தகை கிடைத்தது. தகப்பன் இறந்தாலும் பிள்ளைக்கு நிலம் உண்டு. பண்ணையடிமை இல்லை. ஊர்க் காரியத்தை ஓரளவு தாங்களே பார்த்துக்கொள்ளலாம். அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஓர் ஏழைக் குடியானவனுக்கு இது பெரிய வாழ்வு. யாரும் வேண்டாம் என்று விட்ட உயரத்தில் அவர்கள் குடியேறியதற்கு இதுதான் காரணம்.

வால்சர்கள் பள்ளத்தாக்கு வாயில் வழியாக மேலே ஏறி வந்தவர்கள் அல்லர். ஒரு மலைமுகட்டைத் தாண்டி அடுத்த பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில் இறங்கினார்கள். குரீனுக்கு வந்தவர்கள் பக்கத்துப் பொமாட் பள்ளத்தாக்கிலிருந்து வந்தார்கள். இத்தாலியனில் அதற்கு ஃபோர்மாட்சா என்று பெயர். 2,323 மீட்டர் உயரத்தில் இருக்கும் குரீனர் ஃபுர்க்கா என்ற கணவாயைத் தாண்டினால் குரீன். 1253-இல் ஊர்த் தேவாலயம் புனிதப்படுத்தப்பட்டதற்கு ஆவணம் இருக்கிறது. அப்போதே ஒரு தேவாலயத்தைத் தாங்கக்கூடிய ஊராக அது இருந்திருக்கிறது.

இதனால்தான் ஆல்ப்ஸின் தென்பக்கத்தில் மொழி எல்லை பல இடங்களில் உயரத்தைப் பொறுத்து அமைந்திருக்கிறது. ஒரே பள்ளத்தாக்கில் கீழ்வீட்டில் ஒரு மொழி, மாடியில் ஒரு மொழி. கீழே செஸ்ட்நட் மரம் வளரும் உயரம் வரை இத்தாலியனும் அதன் வட்டார வழக்குகளும். செஸ்ட்நட்தான் அங்கே ஏழைகளின் சோறாக இருந்தது. மேலே அந்த மரம் வளராது. அங்கே பாலும் பாலாடைக்கட்டியும்தான் வாழ்க்கை, பேச்சு ஜெர்மன். அலாஞ்ஞா, மாகுஞ்ஞாகா, ரிமெல்லா, க்ரெஸ்ஸோனே என்று மோந்தே ரோசாவைச் சுற்றியிருக்கும் வால்சர் ஊர்கள் எல்லாமே பள்ளத்தாக்குகளின் உச்சியில் இருப்பவை. மலை மனிதர்களைப் பிரிக்கிறது என்று நாம் சொல்வது வழக்கம். வால்சர்களுக்கு மலைமுகடுதான் பாதை. குரீனுக்குப் பொமாட் பக்கத்து வீடு. செவியோ தூரத்து ஊர்.

ஆன்மா வெளியேறும் சன்னல்

குரீனின் பழைய வீடுகளில் ஒன்று இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. வால்சர் வீடு என்று அதற்குப் பெயர். வீடு கட்டப்பட்டது 1386-இல். சுவிட்சர்லாந்தில் இன்னும் நிற்கும் மிகப் பழைய மரவீடுகளில் அதுவும் சேர்த்தி. ஊர்க்காரர்களும் ஊரை நேசித்த வெளியாட்களும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து 1938-இல் அதைத் திறந்தார்கள்.

அந்த வீட்டின் அமைப்பே ஒரு மொழிபெயர்ப்பு மாதிரி இருக்கிறது. அடுப்படி கல்லால் கட்டியது. தெற்கத்திக்காரர்கள் கட்டும் விதம். இருக்கும் அறை மரத்தால் ஆனது; வாலிஸிலிருந்து கொண்டுவந்த பழக்கம். நெருப்பு எரியும் இடத்தில் கல், சூடு தங்க வேண்டிய இடத்தில் மரம். இரண்டு ஊர்களின் கைவேலை ஒரே கூரையின் கீழ் பொருந்திவிட்டது.

மர அறையின் சுவரில் ஒரு சின்னத் திறப்பு உண்டு. அதை அடைக்க ஒரு பலகை. வீட்டில் யாராவது உயிர்விடும்போது அந்தப் பலகையைத் திறப்பார்கள். ஆன்மா அந்த வழியாக வெளியே போகும். மற்ற நேரத்தில் அது மூடியே இருக்கும். போன ஆன்மா திரும்பி வந்துவிடக் கூடாதல்லவா. இந்தத் திறப்புக்கு குரீன் பேச்சில் 'ஸேலபல்கா' என்று பெயர்.

அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். புத்தக ஜெர்மனில் ஆன்மாவுக்கு 'ஸேலெ' என்று பெயர். சொல்லின் கடைசியில் வருவது ஒரு மங்கலான 'எ'. குரீனில் அது 'ஸேல' என்று தெளிவான அகரத்தில் நிற்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஜெர்மனில் சொற்களின் கடைசியில் அ, இ, உ, ஓ என்று முழு உயிரோசைகள் இருந்தன. பிற்காலத்தில் ஜெர்மன் நிலம் முழுக்க அவை தேய்ந்து ஒரே மங்கல் ஓசையாகிவிட்டன. வாலிஸிலும் வால்சர் ஊர்களிலும் மட்டும் அந்த உயிரோசைகள் பெரிய அளவில் தப்பித்துக்கொண்டன. குரீன்காரர்கள் தங்கள் பேச்சுக்கு வைத்திருக்கும் பெயர் 'குரீனர்டிட்ச்'. குரீனின் 'டிட்ச்', அதாவது குரீன் ஜெர்மன். ஸூரிக்கிலிருந்து வருபவருக்கும் அது லேசில் புரியாது. ஜெர்மன் நிலத்தின் தென்மேற்கே பேசப்படும் வழக்குகளுக்கு அலெமானியம் என்று பெயர்; மொழியியலாளர்கள் இதை அந்த அலெமானிய வழக்குகளில் 'மிக மேல்' வகை என்கிறார்கள். உயரத்தில் பேசப்படுவதால் அந்தப் பெயர்.

ஒரு வாயில் நான்கு பேச்சு

குரீனில் பிறந்து வளர்ந்த ஒரு பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலும் மாட்டிடமும் டிட்ச். செவியோ சந்தைக்கு இறங்கினால் அங்கே லொம்பார்டு வகை இத்தாலிய வட்டாரப் பேச்சு. நகராட்சிக் கடிதம், வங்கிப் படிவம், நீதிமன்றம் எல்லாம் எழுத்து இத்தாலியன். புத்தகத்தில் எழுத்து ஜெர்மன். இதில் எதையும் அவர் தனித் திறமையாக நினைத்ததில்லை. ஆளைப் பார்த்ததும் நாக்கு தானாகத் திரும்பும்.

எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் வேறு வேறாக இருப்பதில் வளர்ந்த நமக்கு இதில் ஒரு பாதி எளிதாகப் புரியும். வீட்டில் பேசுவதை யாரும் எழுதுவதில்லை. எழுதுவதை யாரும் வீட்டில் பேசுவதில்லை. சுவிஸ் ஜெர்மன் பகுதி முழுக்க அப்படித்தான். குரீனில் அந்த இரட்டை, இரண்டு மொழிகளிலும் இருக்கிறது. அதனால் நான்கு. நான்கில் எழுத்து இல்லாதது, பள்ளி இல்லாதது, வீட்டை நம்பி மட்டுமே இருப்பது டிட்ச். எது முதலில் விழும் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

மொழி எல்லையில் பெயர்களும் இரட்டையாகிவிடுகின்றன. மோந்தே ரோசாவின் உச்சிகளில் ஒன்றுக்கு ட்சும்ஸ்டைன் முனை என்று பெயர். 1820-இல் அதில் ஏறிய க்ரெஸ்ஸோனே ஊர்க்காரர் யோசெஃப் ட்சும்ஸ்டைனின் பெயர் அது. ட்சும்ஸ்டைன் என்றால் 'கல்லருகே இருப்பவர்'. அதே ஆளுக்குப் பிரெஞ்சில் 'தெலாபியேர்' என்று பெயர், அதுவும் கல்தான். யாரும் அவரைக் கட்டாயப்படுத்திப் பெயர் மாற்றவில்லை. கேட்பவரின் மொழியில் பெயரைச் சொல்வது அங்கே ஒரு மரியாதை, ஒரு வசதி. குரீனுக்கு மேலே நிற்கும் 2,863 மீட்டர் மலைக்கும் இரண்டு பெயர்: வான்ட்ஃப்ளூஹோர்ன் என்றும் சொல்வார்கள், பீட்சோ பியேலா என்றும் சொல்வார்கள்.

ஊர் எப்படிக் காலியானது

பனிச்சரிவு முதலில். 1695-இல் மலையிலிருந்து இறங்கிய பனி 34 பேரை எடுத்துக்கொண்டது. 1749-இல் இன்னொன்று, 41 பேர். ஒரு சின்ன ஊருக்கு இது தலைமுறையில் பாதி. ஆனாலும் ஊர் காலியாகவில்லை. 1800-களின் நடுவில் குரீனில் 380 பேரை ஒட்டி இருந்தார்கள்.

காலி செய்தது பசிதான். அதற்கப்புறம் பிழைப்பு. 1850-களில் மாஜா பள்ளத்தாக்கிலிருந்து ஆண்கள் கப்பல் ஏறி ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கங்களுக்கும் கலிபோர்னியாவுக்கும் போனார்கள். போகாதவர்கள் ஆண்டில் பல மாதம் வெளியூரில் கூலி வேலை பார்த்தார்கள். வீட்டையும் வைக்கோலையும் மாட்டையும் பார்த்துக்கொண்டது பெண்கள். ஆல்ப்ஸ் கிராம வாழ்க்கையைப் படங்களில் பார்க்கும்போது பச்சைப்புல்லும் மணி கட்டிய மாடும் தெரியும். அந்தப் புல்லைச் செங்குத்தான சரிவில் அரிவாளால் அறுத்து, காயவைத்து, முதுகில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கிய பெண்களின் முழங்கால் அந்தப் படத்தில் தெரியாது. குளிர்காலம் முழுக்க மாடு தொழுவத்தில் நிற்கும். ஒரு மாட்டுக்கு எவ்வளவு வைக்கோல் சேர்த்தார்களோ அவ்வளவுதான் அந்தக் குடும்பத்துக்குப் பால்.

1907-இல் லொகார்னோவிலிருந்து மாஜா பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ரயில் ஓட ஆரம்பித்தது; 1965-இல் அதை நிறுத்திவிட்டுப் பேருந்துக்கு மாறினார்கள். ரயிலும் சாலையும் பள்ளத்தாக்கின் கீழிருந்து மேலே வந்தன. இது சாதாரண விஷயம் மாதிரி தெரியும். ஆனால் எழுநூறு ஆண்டாகக் கணவாய்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த ஊர், முகத்தைத் திருப்பிக் கீழே பார்க்க ஆரம்பித்தது அப்போதுதான். மருத்துவர், கடை, வேலை, மேல்படிப்பு எல்லாம் சாலை போகும் திசையில். அந்தத் திசையில் இருந்ததெல்லாம் இத்தாலியன்.

2024 ஜூன் கடைசியில் பெய்த பேய்மழையில் செவியோவுக்குக் கீழே விஸ்லெட்டோவில் மாஜா ஆற்றுப் பாலம் இடிந்து விழுந்து, மேல் பள்ளத்தாக்கு முழுவதும் துண்டிக்கப்பட்டது. ராணுவம் வந்து தற்காலிகப் பாலம் போட்டுக் கொடுத்தது. கணவாய்ப் பாதையில் இன்று நடப்பவர்கள் மலையேற்றத்துக்கு வருபவர்கள்தான். ஊரின் உயிர்நாடி எந்தப் பக்கம் மாறிவிட்டது என்பதை அந்தப் பாலம் விழுந்தபோது எல்லோரும் பார்த்தார்கள்.

அரசு என்ன செய்தது

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். குரீன் பேச்சை யாரும் தடை செய்யவில்லை. 1500-களின் தொடக்கத்திலிருந்து 1798 வரை இந்தப் பள்ளத்தாக்கை ஆண்டதே வடக்கேயிருந்து வந்த ஜெர்மன் பேசும் ஆளுநர்கள். செவியோவில் அவர்கள் இருந்த மாளிகையின் சுவரில் அவர்களுடைய குடும்பச் சின்னங்கள் இன்னும் வண்ணத்தில் இருக்கின்றன. அவர்களும் இத்தாலியன் பேசிய மக்களை ஜெர்மனுக்கு மாற்றப் பார்க்கவில்லை. 1803-இல் டிச்சினோ தனி மாநிலமானது. மாநிலத்தின் ஆட்சிமொழி இத்தாலியன்.

சுவிட்சர்லாந்தின் மொழி ஏற்பாட்டில் ஒரு அடிப்படை விதி உண்டு. மொழி மனிதரோடு போகாது, மண்ணோடு இருக்கும். எந்த மாநிலத்தில் இருக்கிறாயோ அதன் மொழியில்தான் அரசாங்கப் பள்ளி. சுவிஸில் வாழும் நம் ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கு இது நன்றாகவே தெரியும். அண்ணன் பிள்ளைகள் ஸூரிக்கில் ஜெர்மனில் படிப்பார்கள், தம்பி பிள்ளைகள் ஜெனீவாவில் பிரெஞ்சில் படிப்பார்கள், தங்கை லுகானோவில் இருந்தால் அவள் பிள்ளைகளுக்கு இத்தாலியன். ஒன்றுகூடும்போது அந்தப் பிள்ளைகளுக்குள் பொதுவாக இருப்பது தமிழ்தான், அதுவும் வீட்டில் பேசியிருந்தால்.

இந்த மண் விதி நல்ல காரணத்துக்காக வந்தது. இல்லாவிட்டால் பணமும் ஆள்பலமும் இருக்கும் ஜெர்மன், இத்தாலியன் பேசும் டிச்சினோவை மெல்ல மெல்ல விழுங்கியிருக்கும். 1999-இல் வந்த அரசியல் சாசனத்தின் 70-வது பிரிவு, மொழிகளின் மரபான நிலப்பரப்பை மதிக்க வேண்டும் என்கிறது. அதே மூச்சில், அங்கங்கே இருக்கும் பூர்வீகச் சிறுபான்மை மொழிகளையும் கவனிக்க வேண்டும் என்கிறது. சின்ன மொழியைக் காக்கப் போட்ட வேலி, அதைவிடச் சின்ன மொழி ஒன்றையும் வளைத்து நின்றுவிட்டது. யாரையும் குற்றம் சொல்ல முடியாத இக்கட்டு இது. எனக்கு இதில் வருத்தம் உண்டு, கோபம் இல்லை.

வட்டார, சிறுபான்மை மொழிகளுக்கான ஐரோப்பிய உடன்படிக்கையை சுவிட்சர்லாந்து 1997-இல் ஏற்றுக்கொண்டது. அதன் நிபுணர் குழு அறிக்கைகளில் ஜெர்மன் ஒரு சிறுபான்மை மொழியாக வரும் இடங்கள் குரீனும், பிரெஞ்சு பேசும் ஜூரா மாநிலத்தில் இருக்கும் ஏடர்ஸ்வீலர் என்ற சிற்றூரும். ஐரோப்பாவில் கோடிக்கணக்கானவர்கள் பேசும் மொழிக்கு இங்கே பாதுகாப்புப் பட்டியலில் இடம்.

சட்டம் எழுதியாயிற்று. ஆனால் பள்ளி? பிள்ளைகள் குறையக் குறைய ஊரில் பள்ளி நடத்த முடியாது. கீழே செவியோவுக்கு இறங்கிப் படிக்கும் பிள்ளைக்குத் தோழர்கள் இத்தாலியன் பேசுகிறார்கள். விளையாட்டு, சண்டை, சமாதானம், முதல் காதல் எல்லாம் அந்த மொழியில். ஊருக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுத்த காலத்தில் இரண்டு பக்கத்துப் பாட்டிகளும் டிட்ச் பேசினார்கள். இப்போது மருமகளோ மருமகனோ பள்ளத்தாக்கிலிருந்து வருகிறார். சாப்பாட்டு மேசையில் ஒருவருக்குப் புரியவில்லை என்றால், மற்றவர்கள் அவருக்குப் புரியும் மொழிக்கு மாறிவிடுவார்கள். அது நல்ல மனசு. அந்த நல்ல மனசுதான் ஒரு தலைமுறைக்குள் வீட்டு மொழியை மாற்றிவிடுகிறது.

கணக்கும் அதைத்தான் காட்டுகிறது. 1900-களின் பிற்பகுதி வரை ஊரில் ஜெர்மன்தான் பெரும்பான்மை. 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஊரில் இருந்த 71 பேரில் ஜெர்மன் என்று சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. பாதிக்கு மேற்பட்டவர்கள் இத்தாலியன் என்றார்கள்.

மலைக்கு அந்தப் பக்கமும், தூரத்தில் ஒரு கண்ணாடியும்

குரீனின் தாய் ஊரான பொமாட்டில் கதை வேறு. அது இத்தாலி நாட்டுக்குள் இருக்கிறது. முசோலினி காலத்தில் பள்ளி, பெயர்ப்பலகை, ஊர்ப்பெயர் எல்லாம் இத்தாலியனாக வேண்டும் என்று அரசாங்கமே இறங்கி வேலை செய்தது. அங்கே ஜெர்மன் பேசுவது சந்தேகப்பட வேண்டிய காரியமாகிவிட்டது. போருக்குப் பின் அந்த நெருக்கடி போனாலும், பயந்து நிறுத்திய பேச்சைப் பிள்ளைகளுக்கு மறுபடி கற்றுக்கொடுக்கும் தைரியம் எல்லோருக்கும் வரவில்லை. 1999-இல் இத்தாலி ஒரு சட்டம் போட்டு, தன் எல்லைக்குள் இருக்கும் ஜெர்மானிய மொழிச் சிறுபான்மையினர் உள்ளிட்ட பல மொழியினருக்குப் பாதுகாப்பு அளித்தது. அதற்குள் அரை நூற்றாண்டு போய்விட்டது.

ஆக, கணவாயின் ஒரு பக்கம் அடக்குமுறை, மறு பக்கம் முழுச் சுதந்திரம். இரண்டு பக்கமும் பேச்சு தேய்ந்தது. அடக்குமுறை இல்லாவிட்டால் போதும், மொழி பிழைத்துக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. பொமாட்காரர்களிடமிருந்து பறித்தார்கள், குரீன்காரர்களிடமிருந்து நழுவியது. பறிகொடுத்த வீட்டில் இருக்கும் கசப்பு குரீனில் இல்லை. அதனால் அங்கே மிச்சமிருப்பதைச் சேகரிக்கவும் பாடவும் எழுதவும் மனம் இருந்தது.

இதற்கு நேர் எதிரான கண்ணாடி ஒன்று கிராவ்புண்டன் மாநிலத்தில் இருக்கிறது. பீவியோ என்று பெயர். யூலியர், செப்டிமர் என்ற இரண்டு பழைய கணவாய்ப் பாதைகள் பிரியும் இடம். பெயருக்கே லத்தீனில் இருவழி என்று பொருள். 1,769 மீட்டர் உயரம். தெற்கே ப்ரெகாலியா பள்ளத்தாக்கிலிருந்து மேய்ச்சலுக்கு வந்தவர்கள் முகட்டைத் தாண்டித் தங்கிவிட்டதால், ஆல்ப்ஸ் முகட்டுக்கு வடக்கே இத்தாலியன் பூர்வீகமாகப் பேசிய ஒரே ஊராட்சி அதுதான். சுற்றிலும் ரோமான்ஷ் மொழி. அதற்கு அப்பால் ஜெர்மன். அங்கே வேலையும் சுற்றுலாவும் வடக்கேயிருந்து வந்தன, ஜெர்மன் பெரும்பான்மை ஆனது. 2016-இல் பீவியோ தனி ஊராட்சியாக இருப்பது முடிந்து, சுர்செஸ் என்ற பெரிய ஊராட்சியில் சேர்ந்துவிட்டது. குரீனில் இத்தாலியன் ஜெர்மனை மூடியது. பீவியோவில் ஜெர்மன் இத்தாலியனை மூடியது. எந்த மொழி என்பது இங்கே முக்கியமே இல்லை. சாலை எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்தால் போதும்.

மிச்சமிருப்பது

குரீன் இன்று சும்மா உட்கார்ந்து அழும் ஊர் இல்லை. மேலே க்ரோஸ் ஆல்ப் பக்கம் பனிச்சறுக்குக்கு ஆட்கள் வருகிறார்கள். கோடையில் மலையேறுபவர்கள். வடக்கேயிருந்து வரும் சுற்றுலாக்காரர்களால் ஜெர்மன் ஊரில் ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அது டிட்ச் இல்லை. விருந்தாளியின் ஜெர்மனும் வீட்டின் ஜெர்மனும் வேறு. முன்னது இருப்பதால் பின்னது பிழைத்துவிட்டது என்று கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது.

குரீனில் 1899-இல் பிறந்த ஓவியர் ஹான்ஸ் டோமாமிக்கெல், ஊரின் சுவர்களிலும் ஓவியம் விட்டுப் போயிருக்கிறார். சுவிட்சர்லாந்தில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த 'க்நோர்லி' என்ற சிவப்புக் குள்ளப் பொம்மையை 1948-இல் வரைந்தவர் அவர்தான். க்நோர் சூப் பாக்கெட்டுக்கு அடையாளமாக வந்த பொம்மை அது. இந்த ஊரிலிருந்து கிளம்பிய ஒருவர் வரைந்தது என்பது அதைக் கையில் எடுத்தவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

நாட்டாரியல் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக இந்த ஊரின் கதைகளையும் ஜெபங்களையும் பிள்ளைகளின் விளையாட்டுப் பாட்டுகளையும் எழுதி வைத்திருக்கிறார்கள். சொற்கள் அகராதியாகிவிட்டன. இந்த வேலையைச் செய்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். பேச ஆளில்லாமல் போன பின் அகராதி மொழியைத் திருப்பிக் கொண்டுவராது என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் வைக்கோல் கட்டும் கயிற்றில் இருக்கும் மரக்கொக்கிக்கு என்ன பெயர், இளங்கன்றை எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதெல்லாம் ஒருவர் கேட்டு எழுதியதால்தான் இருக்கிறது.

இன்னும் ஓர் இடத்தில் அந்தப் பேச்சு அச்சில் இருக்கிறது: சுவிஸ் அரசின் நிலவரைபடத்தில். குரீனுக்கு மேலே முகட்டில் ஒரு கணவாய்க்கு அதில் 'ஹென்டர் ஃபுர்கு' என்று போட்டிருக்கிறார்கள். புத்தக ஜெர்மனில் எழுதினால் 'ஹின்டரெ ஃபுர்க்கா', பின்கணவாய். ஃபுர்க்கா என்பது லத்தீனில் கவை. இரண்டு முகடுகளுக்கு நடுவில் கவட்டை மாதிரி விழுந்த பள்ளம். தெற்கே இருந்தவர்களின் சொல்லை வாலிஸ்காரர்கள் எப்போதோ வாங்கி, முகட்டைத் தாண்டிக் கொண்டுவந்து, கடைசியில் தங்கள் பழைய உகரத்தை வைத்து முடித்திருக்கிறார்கள். ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் பொமாட்.